மஞ்சள் தாளின் மறுபக்கம்

டக்கர்ஸ் லேண்டிங், மிசிசிப்பி
செப்டம்பர் 16, 1979

அன்புள்ள தம்பி ராஸ்கோவுக்கு,

அக்கா வெர்னெல் எழுதுவது. நானும் ஹோரஸும் சுகம். எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் பள்ளிக்கூடம் திறந்ததும் ஏறிவிட்டது. அது வருடா வருடம் ஏறுவதுதான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊர் ஊராகக் கார் ஓட்டிக்கொண்டு அலைகிறாய். ராத்திரியாவது காலை நீட்டிப் படு.

முதலில் ஒரு சண்டை. சொந்த அக்காவுக்கு எழுத நல்ல தாள் வாங்க உனக்கு வக்கில்லையா? ஆபீஸில் கிறுக்கிப் பாழாக்கிய மஞ்சள் படிவங்களின் பின்பக்கத்தில்தான் பதினோரு வருடமாக எழுதுகிறாய். போன கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அர்க்கன்ஸாவில் எவனோ ஒரு பையன், இருநூற்று அறுபது பவுண்டு, 'சாப்பாட்டில் காட்டும் வேகத்தை மைதானத்தில் காட்டுவதில்லை' என்று எழுதி அடித்திருக்கிறாய். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அவனைப் பெற்றவளுக்கு இது தெரியுமா என்று நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை, உன் மருமகன் டெல்மாருக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். போன சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் அவன் கையால் எறிந்த நான்கு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆயிற்று. வரும் ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது அவன் பெயர் வர வேண்டும், அதுவும் குவார்ட்டர்பேக்காக வர வேண்டும். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவனாக. எட்டு வயதிலிருந்து அவனுக்கு வேறு ஆசை கிடையாது. நீ ஒரு தாள் எழுதினால் அது எட்டு அணிகளின் மேசைக்கும் போகிறது என்று நீயே பீற்றிக்கொண்டிருக்கிறாய். வந்து பார். மாமனாகப் பார்க்காதே, ஆள் பார்க்கிறவனாகப் பார். அவன் லாயக்கில்லை என்றால் அதையும் எழுது. நான் அழ மாட்டேன்.

இன்னொன்று. அடுத்த மாதத்திலிருந்து தொழில்முறைக் கூடைப்பந்தில் தரையில் ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்கிறார்களே, படித்தாயா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பழக்கும் அணிப் பெண்கள் ஒருத்தியும் ஐந்தடி ஆறு அங்குலத்தைத் தாண்டவில்லை. உன் அபிப்பிராயம் எழுது.

உன் அக்கா,
வெர்னெல்

---

மன்ரோ, லூசியானா
அக்டோபர் 14, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

ராஸ்கோ எழுதுவது. முழங்கால் மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறது, வானிலை அறிக்கை வேண்டியதில்லை. மற்றபடி சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல். உப்பைக் குறை. தாளைத் திருப்பிப் பார்க்காதே, அது ஆபீஸ் ரகசியம்.

மூன்று புள்ளியாம்! கூடைக்கு அடியில் போய், நாலு முழங்கை இடி வாங்கிப் போடுகிறவனுக்கு ரெண்டு. எட்ட நின்று கல்லெறிகிறவனுக்கு மூணு. இது எந்த ஊர் நியாயம்? வேறொரு லீக் இந்த வித்தையை வைத்துக்கொண்டு ஆடித்தான் செத்தது. செத்தவன் சட்டையை உருவி உயிரோடு இருக்கிறவனுக்கு மாட்டுகிறார்கள். ரெண்டு வருடத்தில் அவர்களே அந்தக் கோட்டை அழிப்பார்கள், பந்தயம்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் என் வழி வேறு. மற்றவர்கள் கையைப் பார்ப்பார்கள். எனக்குக் கை கடைசி. அவன் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பறித்துவிடுகிறான் என்று வை. அடுத்த முறை பந்து கைக்கு வரும்போது அவன் கண் எங்கே போகிறது? பயந்தவன் கண் பக்கத்தில் நிற்கிறவனைத் தேடும். நல்லவன் கண் அதே தூரத்துக்குப் போகும். அடிபட்டபின் பார்வை எங்கே போகிறது, அவ்வளவுதான் கேள்வி. இதை அளக்க எந்த ஸ்டாப்வாட்சும் இல்லை. இதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

நவம்பரில் வருகிறேன். அவன் பெயரோடு அப்பாவின் பிக்கெட் சேர்ந்திருப்பதால் ஆபீஸில் உறவு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கெளுத்தி மீன் வாங்கி வை.

உன் தம்பி,
ராஸ்கோ

---

டக்கர்ஸ் லேண்டிங்
நவம்பர் 18, 1979

அன்புள்ள ராஸ்கோ,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம். மழையில் உட்கார்ந்ததில் உன் முழங்கால் என்ன பாடுபடுகிறதோ.

எங்களோடு உட்காராமல் மேல் வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தாய். சரி, தொழில் முறை, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கால்பகுதியில் டெல்மார் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பறித்தான். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, திரும்பி உன்னைத்தான் பார்த்தேன். அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் பிள்ளை அதே ஆளுக்கு, அதே மூலைக்கு, ஐம்பது கெஜம் எறிந்தான். டச்டவுன். நீ எழுந்து நின்றாய், ராஸ்கோ. தொப்பியைக் கழற்றினாய், மழையில். நான் பார்த்தேன்.

பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். பிள்ளை பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "என்ன மாமா, எப்படி ஆடினேன்?"

"மீன் நல்லா இருக்குக்கா" என்றாய் நீ.

ஹோரஸுக்கே பொறுக்கவில்லை. "ஏன் மச்சான், எழுநூறு மைலு மீனைப் பாக்கவா வந்தே?" என்றார். நீ சிரித்துவிட்டு இன்னொரு துண்டு சோள ரொட்டி எடுத்துக்கொண்டாய்.

நீ போனபிறகு டெல்மார் சொன்னான்: "விடும்மா. எழுதறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்." இருக்கலாம். எனக்கு மட்டுமாவது எழுது. என்ன நினைக்கிறாய்?

வெர்னெல்

---

சின்சினாட்டி, ஒஹாயோ
டிசம்பர் 9, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி கொட்டுகிறது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னி. வருடக் கடைசியில் அறிக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் போக வேண்டும்.

தொலைக்காட்சியில் நாலு ஆட்டம் பார்த்துவிட்டேன், உன் அருமைக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பயல் எறிவதில்லை. எறிந்த ரெண்டு பேரையும் பயிற்சியாளர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் சொன்னேன் பார். மனுஷன் புத்தி ஒரு நாளில் மாறாது. தரையில் பெயின்ட் அடித்தால் போதுமா? பதினைந்து வருடம் கூடைக்கு அடியில் நில் என்று அடித்து வளர்த்தவனை, திடீரென்று வெளியே போ என்றால் அவன் கால் போகாது.

டெல்மார் அபாரமான விளையாட்டு வீரன். வேகமான கால், நீளமான கை. நாற்பது கெஜம் ஓடச் சொல்லி நேரம் எடுத்து வை. அப்படியே ஓடிப்போய்ப் பந்து பிடிக்கவும் தினம் ஒரு மணி நேரம் பழகட்டும். எல்லாம் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. எல்லோருக்கும் வாழ்த்து.

ராஸ்கோ

---

டக்கர்ஸ் லேண்டிங்
ஜனவரி 20, 1980

ராஸ்கோவுக்கு,

சுகமாக இரு. நான் சுகமாக இல்லை. டாக்டர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். ஏன் என்று படி.

மூன்று வாரத்தில் ஐந்து பேர் வந்தார்கள், ஐந்து வேறு அணியிலிருந்து. ஐந்து பேர் கையிலும் ஸ்டாப்வாட்ச். ஒருத்தனாவது பிள்ளையை எறியச் சொல்லவில்லை. கடைசியாக வந்தவன் இருக்கும்போது நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, நான் போடறேன், நீ ஓடிப்போய்ப் பிடி."

"நான் எறியறவன் சார்."

"தெரியும்பா. பிடி."

"ஒரு பத்து பந்து எறிஞ்சு காட்டறேனே? முந்நூறு மைலு வந்திருக்கீங்க."

"எங்க தாள்ல அப்படி இல்லப்பா. ரிசீவர்னு இருக்கு."

ரிசீவராம்! ஓடிப்போய்ப் பிடிக்கிறவனாம்! நான்கு வருடம், எழுபது டச்டவுன் எறிந்த பிள்ளையை எவன் ரிசீவர் என்றது? எனக்கு இந்தக் கதை தெரியும். வெள்ளைப் பையன் எறிந்தால் அவனுக்கு மூளை என்பார்கள். நம் கறுப்புப் பிள்ளை எறிந்தால் அவனுக்குக் கால் என்பார்கள். நீ கூடப் போன கடிதத்தில் 'விளையாட்டு வீரன்' என்று எழுதினாய். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, நீ எழுதியதால் பொறுத்தேன்.

இந்த எட்டு அணிக்கும் தாள் போவது உங்கள் ஆபீஸிலிருந்துதான். நீ எழுதியதை யாரோ ஒரு புண்ணியவான் திருத்தியிருக்கிறான். யார் என்று கண்டுபிடி. கண்டுபிடித்து அவன் பெயரை எனக்கு எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் நானே அளந்து, டேப் ஒட்டி அந்தக் கோட்டைப் போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் வந்து, "டீச்சரம்மா, நம்ம பள்ளிக்கூடப் போட்டியில அதுக்கு ரெண்டு புள்ளிதானே? தரையைக் கெடுக்காதீங்க" என்றார். "தரை கெடலாம் சார், பிள்ளைங்க கெடக்கூடாது" என்றேன். ஒலீட்டா என்று ஒருத்தி, அணியிலேயே குள்ளம், பத்தில் நாலு போடுகிறாள்.

உடனே பதில் போடு.

வெர்னெல்

---

சின்சினாட்டி
பிப்ரவரி 10, 1980

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. கோபத்தைக் குறை, அதுதான் பாதி மருந்து. நான் சுகம்.

விசாரித்தேன். இந்த ஆபீஸில் யார் எதை எழுதினார்கள் என்று பிடிப்பது கஷ்டம். பல கை மாறுகிறது. அதை விடு. நடந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று பார்.

நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். 1957-ல் நான் தொழில்முறை அணிக்குப் போனபோது என்ன நடந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை. முதல் நாள் பயிற்சியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "டாலிவர், நீ அந்தப் பக்கம் போ" என்றார். "எறியறவங்க இந்தப் பக்கம் நிக்கறாங்க சார்" என்றேன். "தெரியும். நீ அந்தப் பக்கம்" என்றார். போனேன். மூன்று வருடம் மற்றவன் எறிவதைத் தடுத்துக்கொண்டு ஓடினேன், முழங்கால் போகிற வரைக்கும். ஆனால் அக்கா, உள்ளே போனேன். போனதால்தான் இன்றைக்கு இந்த நாற்காலி. கதவு திறக்கிறபோது எந்தக் கதவு என்று பார்க்கக் கூடாது. உள்ளே போய் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாம். டெல்மாரிடம் சொல், ஓடட்டும், பிடிக்கட்டும். அணிகள் மாற்றி மாற்றி ஆள் எடுக்கும்போது மூன்றாம் சுற்றுக்குள் எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு அன்பு.

ராஸ்கோ

---

டக்கர்ஸ் லேண்டிங்
பிப்ரவரி 17, 1980

ராஸ்கோ,

உன் முழங்காலைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, வழக்கம்போலத் தாளைத் திருப்பினேன். எந்தத் தாளில் எழுதுகிறோம் என்று நீ திருப்பிப் பார்த்தாயா? நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

'பெயர்: டெல்மார் பிக்கெட். கை: மிக நன்று. முடிவெடுக்கும் வேகம்: மிக நன்று. அடிபட்டபின் பார்வை: பதினோரு வருடத்தில் நான் கண்டதிலேயே சிறந்தது. ஆட்ட இடம்: குவார்ட்டர்பேக்.' அந்தக் கடைசி வார்த்தையின் மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே 'ரிசீவர்'. உன் கையெழுத்து. உனக்கு எழுதப் பழக்கிக் கொடுத்தவள் நான். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா?

அடித்தல் திருத்தலாகிவிட்டது, வேறு தாளில் சுத்தமாக எழுதி அனுப்பிவிட்டு இதைக் கழிவுத் தாள் கட்டோடு போட்டிருக்கிறாய். அங்கிருந்து அக்காவுக்கு எழுத எடுத்திருக்கிறாய். சிக்கனம்!

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. யார் திருத்தினான் என்று உன்னையே கேட்டேன். நீயும் விசாரித்தேன் என்று எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று நீ எழுதியிருந்தால் என் தலைவிதி என்று இருந்திருப்பேன். உனக்குத் தெரிந்தே இருக்கிறது! மழையில் தொப்பியைக் கழற்றியவன், ஓட்டல் அறையில் உட்கார்ந்து அந்த வார்த்தையை அடித்திருக்கிறான்.

1957-ல் நடந்ததை நீ சொல்லவில்லை என்றால் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அந்த வருடக் கடைசியில் வந்தாய். மூன்று நாள் கொல்லையில் தொங்கிய டயருக்குள் பந்தை எறிந்துகொண்டே இருந்தாய். அம்மா சமையலறையில் நின்று அழுதாள். அதே பயிற்சியாளனின் வேலையை இப்போது நீ செய்கிறாய். அவனாவது எவனோ ஒருவன். நீ தாய்மாமன்.

உன் கேள்வியை உனக்கே திருப்பிக் கேட்கிறேன். அடிபட்டபின் உன் பார்வை எங்கே போயிற்று?

இந்தத் தாளை டெல்மாரிடம் காட்டிவிட்டேன்.

வெர்னெல்

---

சின்சினாட்டி
ஏப்ரல் 6, 1980

அக்கா,

ஏழு வாரமாக எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் உடம்பு எப்படி என்று கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

ஆமாம், நான்தான். இப்போது நீ கேள்.

நான்கு வருடத்துக்கு முன் டென்னஸியில் இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். குவார்ட்டர்பேக் என்று எழுதினேன். அடிக்கவில்லை, திருத்தவில்லை. என் மேலதிகாரி ஹென்லி அந்த வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியோடு தாள் எட்டு அணிக்கும் போயிற்று. பதினேழு சுற்றிலும் அவன் பெயரை ஒருத்தன் சொல்லவில்லை. ரிசீவராகவும் எடுக்கவில்லை, ஒன்றாகவும் எடுக்கவில்லை. இப்போது மெம்ஃபிஸில் லாரியில் மூட்டை ஏற்றுகிறான். போன வருடம் ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நல்லாத்தான் எழுதினீங்களாமே சார்" என்றான். அந்த 'நல்லாத்தான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

டெல்மாருக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். அது குற்றமா? உனக்கு உன் கூடம் இருக்கிறது, டேப் இருக்கிறது, தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். இங்கே நாற்பது பேர் இருக்கும் கூட்டத்தில் கறுப்பு முகம் என்னுடையது ஒன்றுதான். நான் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னால் மறுநாளிலிருந்து என் எந்தத் தாளையும் படிக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் இருபது பேர் என் தாளால்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அந்த இருபதை நீ எண்ணவில்லை. அடித்த ஒன்றை மட்டும் எண்ணுகிறாய், கணக்கு டீச்சர்!

தவறுதலாகத்தான் அந்தத் தாள் வந்தது. அப்படித்தான் நினைக்கிறேன். கழிவுத் தாள் கட்டின் மேலே இருந்ததை எடுத்தேன். மேலே எது இருந்தது என்று எனக்குத் தெரியுமா தெரியாதா என்று இந்த ஏழு வாரமாக யோசிக்கிறேன்.

ராஸ்கோ

---

டக்கர்ஸ் லேண்டிங்
மே 4, 1980

ராஸ்கோ,

நான் உயிரோடிருக்கிறேன், ஹோரஸும் இருக்கிறார். நலம் விசாரிப்பு போதும்.

நீ சொன்னபடியே நடந்தது. மூன்றாம் சுற்று. மதியத்துக்குமேல் தொலைபேசி அடித்தது. தேவாலயத்துப் பாடகர் குழு பாதி எங்கள் வீட்டில்தான் இருந்தது. பிள்ளை எடுத்தான். அந்த முனையில் பேசியவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வாழ்த்துக்கள் தம்பி! உன்னை எடுக்கப் போறோம். ரிசீவர்."

"நன்றி சார். ஒரு கோடைக்காலம், எறியறவங்களோட நிக்க விடுவீங்களா? லாயக்கில்லேன்னா நீங்க சொல்ற இடத்துக்குப் போறேன்."

"அங்க ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. உன் தாள்ல இருக்கறதைத்தான் நாங்க வாங்கறோம்."

"அந்தத் தாளை நானும் பாத்திருக்கேன் சார். அடிச்சதுக்குக் கீழ என்ன இருக்குன்னும் பாத்திருக்கேன். அதான் நான். வேற ஆளை எடுத்துக்குங்க."

வைத்துவிட்டான். பாடகர் குழுவின் தலைவி, "ஐயோ, வேண்டாம்னா சொன்னே?" என்றாள். ஹோரஸ் எழுந்து போய்க் கொல்லைக் கதவைப் படாரென்று சாத்தினார். உன் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம், அவனைப் பெற்ற பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம்தான் அதிகம், மறைக்க மாட்டேன்.

கனடாவிலிருந்து ஒரு அணிக்காரர் வந்து பார்த்தார். அவர் உங்கள் தாளைப் படித்தவரில்லை. நூறு பந்து எறியச் சொன்னார். வடக்கே அங்கே மைதானம் அகலமாம். அடுத்த வாரம் போகிறான். முகவரி உனக்குத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

நீ எண்ணச் சொன்ன இருபதை எண்ணினேன். அந்த இருபதில் எத்தனை பேர் எறிகிறார்கள்?

வெர்னெல்

---

சின்சினாட்டி
ஜூன் 15, 1980

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமென்று நம்புகிறேன். ஒருத்தருமில்லை. நீ கேட்டதற்குப் பதில் அதுதான். அந்த இருபதில் ஒருத்தரும் எறியவில்லை.

டெல்மார் முகவரி கேட்க மாட்டேன். குளிரில் ஆடுவதற்கு முன் கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்ளச் சொல். விரல் விறைத்தால் பந்து வழுக்கும்.

ராஸ்கோ

---

சின்சினாட்டி
நவம்பர் 9, 1980

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? ஜூனில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை.

போன மாதம் லூசியானாவில் ஒரு பையனைப் பார்த்தேன். நம் பிள்ளைதான். டெல்மார் அளவுக்கு இல்லை, அவன் அளவுக்கு இன்னொருவனை இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை. ஆனால் எறிகிறவன். ஆட்ட இடத்தில் குவார்ட்டர்பேக் என்று எழுதி அனுப்பினேன். ஹென்லி கூப்பிட்டார்.

"ராஸ்கோ, கட்டத்துல ஏதோ மாறி எழுதிட்டே போலிருக்கு."

"மாறல சார்."

"நாலஞ்சு வருஷம் முன்னாடி பண்ணின அதே கூத்தா?"

"அதேதான். அப்ப நீங்க ஒரு கேள்விக்குறி போட்டீங்க. உங்க கேள்வி என்னன்னு நான் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன், சொல்லுங்க. அந்தப் பையன்கிட்ட உங்களுக்கு என்ன சந்தேகம்?"

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "உனக்கே தெரியும்" என்றார்.

"தெரியும். உங்க வாயால கேக்கணும்."

"போய் யோசிச்சு வேற தாள் எழுதிக் கொண்டா."

"தாள் தீந்து போச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபத்துமூன்று வருடக் கோபம், அக்கா. காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டது.

அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. இந்த மாதம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன், முழங்காலுக்கு நல்லது. தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்க்கிறேன். நேற்று ஒரு குள்ளப் பயல், அணி ரெண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, உன் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தான். உள்ளே போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன், வீட்டில் தனியாக. பந்தயத்தில் தோற்றேன் என்று வைத்துக்கொள்.

ராஸ்கோ

---

டக்கர்ஸ் லேண்டிங்
நவம்பர் 23, 1980

அன்புள்ள தம்பி ராஸ்கோவுக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. உன் முழங்காலும் வீங்கின கையும் எப்படி இருக்கின்றன?

உன் கடிதத்தை வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய வெள்ளைத் தாள். ஆபீஸ் தாள் இனி உனக்குக் கிடையாது என்று புரிந்துகொண்டேன். நீ எழுதாததை நானும் கேட்கவில்லை.

டெல்மார் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. வருடம் முழுக்க மாற்று ஆளாக ஓரத்தில் நின்றான். கடைசி இரண்டு ஆட்டத்தில் உள்ளே விட்டார்கள். மூன்று பந்தை எதிரிக்குக் கொடுத்தான், இரண்டிலும் தோற்றார்கள். தொலைபேசியில், "தோத்துட்டேம்மா, ஆனா எறிஞ்சு தோத்தேன்" என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. அந்த மஞ்சள் தாளை மடித்து அங்கே கொண்டுபோயிருக்கிறானாம். எந்தப் பக்கத்துக்காக என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒலீட்டா கோட்டுக்கு வெளியிலிருந்து நான்கு போட்டாள். நடுவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டுதான் கொடுத்தார். நான்கு புள்ளியில் தோற்றோம். என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று போட்டு வைத்திருக்கிறேன். எங்களுக்கும் அந்தக் கோடு வருகிற அன்றைக்குப் பழைய பாக்கி எல்லாம் கேட்பேன்.

உன் மேல் இருக்கும் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதிதான் போயிருக்கிறது. மீதி, பிள்ளை அந்தத் தொலைபேசியை வைத்தபோது நான் பட்ட பயத்துக்கு. அது லேசில் போகாது. ஆனால் கோடு போட எனக்கும் தெரியும் என்பதால், உனக்கு ஒரு படிவம் தயாரித்திருக்கிறேன்:

பெயர்: ராஸ்கோ டாலிவர்.
வயது: நாற்பத்தைந்து.
கால்: ஒன்று உதவாது.
கண்: நான் பார்த்ததிலேயே நல்ல கண்.
வாய்: போன மாதம்தான் திறந்தது.
அடிபட்டபின் பார்வை: முதலில் பக்கத்தில் போயிற்று. இருபத்துமூன்று வருடம் கழித்துத் தூரத்துக்குப் போகிறது.
ஆட்ட இடம்: தாய்மாமன்.

கடைசிக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அதன்மேல் மையால் எழுதுவதும் அழிப்பதும் டெல்மார் கையில். அவன் முகவரி கீழே இருக்கிறது. உனக்குத் தரலாமா என்று நேற்றுக் கேட்டேன். "குடும்மா. ஆனா நல்ல தாள்ல எழுதச் சொல்லு" என்றான்.

உன் அக்கா,
வெர்னெல்